ஆமானின் காதும் அதிரசமும்

தீபாவளி கழிந்த பத்தாம் நாள், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கருக்கு ‘எங்கள் வீட்டுத் தீபாவளி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். தமிழாசிரியர் ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புத்தான். ஆண்டுதோறும் வரும் விடையும் ஏறத்தாழ ஒன்றே. வைகறையில் எழுந்தோம், எண்ணெய் தேய்த்து நீராடினோம், புத்தாடை உடுத்தோம், கோயிலுக்குச் சென்றோம், பலகாரம் உண்டோம். இவ்வைந்தும் முடிந்ததும் பிள்ளைகளின் பேனா ஓய்ந்துவிடும். இம்முறை தோட்டத்துச் சிறுமி ஒருத்தியின் ஏடு மட்டும் வேறாக இருந்தது. அதில் மூன்றே வாக்கியங்கள்:

“இந்த வருசம் எங்கள் அப்பாயி செத்துப்போனதால் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. லயத்தில் எல்லாரும் கடையில் வாங்கினார்கள். அதனால் எங்களுக்கு யாரும் பலகாரம் கொண்டுவந்து தரவில்லை.”

சிவப்பு மைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ‘வருசம்’ என்பதை ‘ஆண்டு’ எனத் திருத்தலாம். ‘செத்துப்போனதால்’ என்பதை ‘இறந்தமையால்’ எனத் திருத்தலாம். மூன்றாம் வாக்கியத்தின் தலைப்பில் நிற்கும் ‘அதனால்’ என்னும் சொல்லை என் செய்வது? காரணமும் காரியமும் அத்துணைப் பொருத்தமாய் அங்கே இணைந்து நின்றன. பெரியோர் கண்டு சொல்லாத ஓர் உண்மையை அப்பிள்ளை ஒரு சொல்லில் வைத்துவிட்டாள்.

இழவு கண்ட வீட்டில் ஓராண்டுக்கு நல்லநாட் பலகாரம் சுடலாகாது என்பது நம்மவர் வழக்கம். இது வழக்கத்தின் முற்பாதி. அதற்குப் பிற்பாதி ஒன்றும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் பிறர் வாயைப் பார்த்து நிற்கும்படி விடலாகாது. அக்கம் பக்கத்தார் தத்தம் வீட்டிற் சுட்டதைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும். முற்பாதி துக்கத்திற்குரிய கடன். பிற்பாதி ஊருக்குரிய கடன். இரண்டும் சேர்ந்தால்தான் அது அறம். நாம் இன்று முற்பாதியை விடாமற் பற்றிக்கொண்டோம், பிற்பாதியை நழுவவிட்டோம். நழுவியது எப்போது என்பதும் நமக்குத் தெரியாது.

இதனை எண்ணியிருந்த வேளையில், யூத மக்களின் பண்டிகை ஒன்றும், அப்பண்டிகைக்கென்றே அவர்கள் செய்யும் பணியாரம் ஒன்றும் என் நினைவுக்கு வந்தன. யூதருக்கும் பூண்டுலோயாவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவுதல் கூடும். சற்றுப் பொறுத்தருள்க.

தமிழ் கூறும் நல்லுலகிற்கு யூதர் முற்றும் அயலார் அல்லர். ஏறத்தாழ கி. பி. 1000ஆம் ஆண்டளவில் சேரநாட்டு மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகர் தலைவனுக்கு உரிமைகள் பல வழங்கிப் பொறித்துக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. கொச்சியில் மட்டாஞ்சேரியிலுள்ள யூதர் வழிபாட்டு மன்றம் 1568இல் எழுந்தது. எபிரேய மறையில் மயிலைக் குறிக்க வரும் ‘துகி’ என்னும் சொல் நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் முதலிய மொழிநூலார் கருதினர். மயிலுக்குப் பெயர் கொடுத்த நாம், பண்டிகையைக் குறித்து அவர்களிடமிருந்து ஒன்று அறிந்துகொள்வதில் இழுக்கில்லை.

அப்பண்டிகையின் பெயர் பூரீம். அதன் கதை விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் எஸ்தர் என்னும் நூலில் உள்ளது. பாரசீகப் பேரரசன் அகாஸ்வேருவின் அவையில் ஆமான் என்றோர் அமைச்சன் இருந்தான். மொர்தெகாய் என்னும் யூதன் தன்னை வணங்கவில்லை என்ற சினத்தால், அவனுடைய இனத்தையே ஒரே நாளில் அழித்துவிட ஆமான் திட்டமிட்டான். அந்நாளைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டான். சீட்டுக்கு அவர்கள் மொழியில் ‘பூர்’ என்று பெயர். பண்டிகைப் பெயர் அதிலிருந்தே பிறந்தது. மொர்தெகாயின் வளர்ப்பு மகளாகிய எஸ்தர் அரசியாய் இருந்தாள். அழையாமல் அரசன் முன் செல்வோர்க்குச் சாவே தண்டனை என்பதை அறிந்தும், அவள் துணிந்து சென்று தன் மக்களுக்காக வழக்குரைத்தாள். ஆமான் தான் நாட்டிய தூக்குமரத்திலேயே தூக்கப்பட்டான். மக்கள் பிழைத்தனர்.

அந்நினைவாக, நம் மாசி பங்குனிப் பருவத்தில் வரும் பூரீம் நாளில் எஸ்தர் நூலை முழுதும் படிப்பர். ஆமான் பெயர் வருந்தோறும் சிறுவர்கள் கிலுகிலுப்பையை ஆட்டி ஓசையெழுப்பி அப்பெயரை அமிழ்த்துவர். கோதுமை மாவில் சீனியும் முட்டையும் எண்ணெயும் கூட்டிப் பிசைந்து, வட்டமாய்த் தட்டி, நடுவே தேனில் அரைத்த கசகசாவோ பேரீந்தின் களியோ வைத்து, மூன்று பக்க ஓரங்களையும் மடித்துக் கிள்ளி, முக்கோணமாக்கிப் போறணையில் இட்டு வேகவைப்பர். இப்பணியாரத்தை ஐரோப்பிய யூதர் ‘ஆமன்தாஷ்’ என்பர். தாஷ் என்றால் பை. கசகசாப் பை என்னும் பொருளில் ‘மோன்தாஷ்’ என வழங்கிய பெயரே ஆமானின் பெயரோடு இயைந்து இவ்வாறு ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். எபிரேய மொழியில் இதற்கு வழங்கும் பெயர் இன்னும் சுவையானது. ‘ஆமானின் காதுகள்’ என்பதே அப்பெயர். தம்மை அழிக்க வந்தவனின் காதைப் பிள்ளைகள் கடித்துத் தின்கிறார்கள்!

இதுகாறும் கூறியது கதை. நான் சொல்லவந்த செய்தி வேறு. பூரீம் நாளில் என்ன செய்தல் வேண்டும் என்பதை எஸ்தர் நூலின் ஒன்பதாம் அதிகாரமே விதித்துவிட்டது. விருந்துண்டு மகிழ்வதோடு நில்லாது, ஒருவருக்கொருவர் உண்பண்டங்களை அனுப்புதலும், வறியவர்க்கு ஈதலும் கடமை என்கிறது அது. பின்வந்த அவர்தம் அறநூலார் இதற்கு அளவும் வகுத்தனர். குறைந்தது ஒருவருக்கேனும் இரு வகை உணவு அனுப்புதல் வேண்டும். குறைந்தது இருவர் வறியவர்க்கேனும் கொடுத்தல் வேண்டும். இதனைச் செய்யாதவன் பூரீம் கொண்டாடினவன் ஆகான். ஆகவே ‘ஆமானின் காது’ சுடப்படுவது சுட்டவர் உண்பதற்காக மட்டும் அன்று. தட்டில் ஏறித் தெருவைக் கடந்து இன்னொரு வாயிலுக்குச் செல்வதற்காகவும் அது சுடப்படுகிறது.

நம் தீபாவளிக் கதையும் ஒரு கொடியவனின் வீழ்ச்சியே. நரகாசுரன் வீழ்ந்தான்; மக்கள் மகிழ்ந்தனர். பெரியார் ஈ. வெ. ரா. முதலியோர் இக்கதையை மறுத்து, இப்பண்டிகையே தமிழர்க்கு ஆகாது என்றதும் நாம் அறிந்ததே. அவ்வழக்கை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. கதையை நம்புவார்க்கு ஒன்று மட்டும் சொல்வேன். தான் மடியும் நாளை உலகத்தார் விளக்கேற்றி மகிழ்ந்து கொண்டாட வேண்டுமென்று நரகாசுரனே வரம் கேட்டதாகக் கதை சொல்கிறது. பகைவனையும் பந்தியில் அமர்த்தும் பண்பு அதில் உண்டு. எஸ்தர் நூலின் இறுதியிலோ பகைவரைக் கொன்று தீர்த்த செய்தியும் வருகிறது. கொடியவனை நினைவுகூரும் எந்தப் பண்டிகைக்கும் இவ்விரு வழிகள் உண்டு. பழியை நினைவில் வைப்பது ஒன்று. பிழைத்தமைக்கு நன்றியாய்ப் பிறர்க்கு ஊட்டுவது மற்றொன்று. மேற்காசியாவின் அண்மைக்காலப் போரழிவைக் கண்டு நெஞ்சு நைந்தோர், யூதரின் பணியாரத்தைப் பேசுகின்றானே என்று என்னை முனிய வேண்டா. அரசுகளின் செயல் வேறு. ஓர் இனத்தாரின் பாட்டிமார் அடுப்படியில் காத்த அறம் வேறு. நான் எடுத்துக்கொண்டது பின்னதையே.

அவர்களுக்குப் பண்டமனுப்புதல் எழுதப்பட்ட விதி. நமக்கு எழுதா வழக்கு. ஏட்டில் ஏறாத வழக்கு என்பதனால் அது இளைத்தது அன்று. ஆயின் அதற்கு ஓர் இடர் உண்டு. எழுதிய விதியை மறந்தாரை ஏடு நினைவூட்டும். எழுதா வழக்கை மறந்தாரை யார் நினைவூட்டுவார்? செய்யும் கைகளே அதன் ஏடு. கைகள் செய்வதை நிறுத்தினால் ஏடு மறைந்துவிடும்.

பணியாரத்தின் பழமையைத் தமிழ் மாணவர்க்குச் சிறிது கூறுதல் பொருந்தும். சங்க நூல்கள் தின்பண்டங்களைப் பண்ணியம் என்றன. அப்பம் சுட்டு விற்பார்க்குக் கூவியர் என்று பெயர். மதுரைக்காஞ்சியின் அங்காடியில் அவர்களைக் காணலாம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரிலும் பிட்டு விற்கும் காழியரோடு அவர்களைக் காணலாம். பெரும்பாணாற்றுப்படையோ, பாகு கூட்டி இழையிழையாய் அமைத்த வட்டமொன்று பாலில் மிதக்கும் காட்சியை உவமையாக்குகிறது. நிகண்டுகள் அப்ப வகைக்கு நொலையல், பூரிகை, இலையடை முதலிய பெயர்களைத் தொகுத்து வைத்தன. விசயநகர மன்னர் காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுக்கள் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி என்று இறைவனுக்குரிய படையல்களுக்கு நிவந்தம் கூறுகின்றன. நம் தோட்டத்து அதிரசம் கல்லில் எழுதப்பட்ட பண்டம் என்பதை மாணவர் அறிக.

இன்னுமொரு வேடிக்கை. உலகமெங்கும் பணியாரத்துக்கு வழங்கும் ‘குக்கி’ என்னும் ஆங்கிலச் சொல், ‘கூக்கியே’ என்னும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. சிறிய அப்பம் என்பது அதன் பொருள். அந்த ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டனர். அச்சொல்லே இங்கே ‘கொக்கிஸ்’ ஆயிற்று. சித்திரைப் புத்தாண்டில் சிங்களக் கிராமத்தார் கவும், அலுவா முதலியவற்றோடு கொக்கிஸும் சுட்டு, வாழைப்பழத்தோடு தட்டில் வைத்துத் தமிழர் வீட்டிற்கும் அனுப்புவர். நாம் அச்சு முறுக்கு என்பதும் அதன் உறவே. கொத்மலைப் பக்கத்திலிருந்து சித்திரையில் வந்த தட்டு, ஐப்பசியில் முறுக்கோடு திரும்பிச் செல்லும். வெறுந்தட்டாய்த் திருப்பியனுப்புதல் குற்றம் என்பது இரு சாராரும் அறிந்த இலக்கணம். நோன்புப் பெருநாளில் முஸ்லிம் கடைக்காரர் வீட்டு வட்டிலப்பம் வருவதும் இவ்விலக்கணத்தின்பாற்பட்டதே.

இனி, தோட்டத்துக்கு வருவோம். பூண்டுலோயா மலைகளில் டன்சினன், சீன் முதலான தோட்டங்களின் பெயர்கள் வெள்ளைக்காரத் துரைமாரின் நாட்டு நினைவில் எழுந்தவை. டன்சினன் என்பது இசுக்காத்துலாந்தில் உள்ள ஒரு குன்று. சேக்சுபியரின் மாக்பெத்து நாடகத்திலும் அது வரும். துரைமார் தம் ஊரின் நினைவைத் தோட்டத்தின் பெயர்ப்பலகையில் எழுதிவைத்தனர். நம் முன்னோர்க்குப் பெயர்ப்பலகை இல்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சிற்றூர்களின் நினைவை அவர்கள் எண்ணெய்ச் சட்டியில் வைத்துக் காத்தனர்.

அக்காப்பு எளிதாய் நடந்ததன்று. ஐப்பசி மழையில் இம்மலையில் வெயில் காணாது. இடித்த மா உலராது. ஆதலின் இரும்புச் சட்டியில் மாவை வறுத்து ஈரம் போக்குவர். அதிரசப் பாகு குளிரில் விரைந்து இறுகும். தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் உருளவேண்டும், உருட்டினால் கல்லாகலாகாது. அந்தப் பதம் தவறினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், அன்றிப் பல்லுக்கு அடங்காது. அரிசி அரிதான காலத்தில் கோதுமை மாவைத் துணியில் முடிந்து ஆவியில் அவித்துச் சூடாறுமுன் அரித்து, அதில் முறுக்குப் பிழியக் கற்றனர். எந்தச் சமையல் நூலும் இதனை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. இல்லாமை கற்பித்தது.

ஒரே கூரையின்கீழ்ப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள்; நடுச்சுவர் மெல்லியது; ஒரு வீட்டுப் பாகு காய்வதை மறுவீட்டார் மணத்தால் அறிவர். இது வறுமையின் அமைப்பு. இதைப் போற்றிப் பாடுதல் தகாது. ஆயினும் அவ்வமைப்பிலேயே ஒரு வீட்டு முறுக்கு உரலும், இன்னொரு வீட்டு இரும்புச் சட்டியும், மூன்றாம் வீட்டு விறகும் ஓரிடத்திற் கூடின. முதலிற் சுட்டது மஞ்சட் பிள்ளையாருக்கு. அடுத்தது இறந்தோர் படையலுக்கு. அதன் பின்னர்த் தட்டுக்கள் இஸ்தோப்புக்களைக் கடக்கும். பிள்ளைகளின் கை அதற்கும் பின்னர்த்தான்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ சாத்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டுத் தீபாவளிக்கு அப்போது சில நாள்களே இருந்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்க்கலாம் என்று மக்களைப் பங்கிட்டனர். அதன் பின்னர் ஆண்டுக்கணக்காய்த் தோட்டத்துக் குடும்பங்கள் தலைமன்னார் வழியே கடல் கடந்தன. நீலகிரியின் கூடலூரும் கோத்தகிரியும் அவர்களுட் பலருக்குப் புதிய ஊர்களாயின. பயணம் புறப்பட்டவரின் மூட்டையில் முறுக்கு வைத்துக் கட்டிய கைகளை நான் சிறுவனாய் இருந்த நாளிற் கண்டிருக்கிறேன். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பட்டினி பிடித்தது. அரிசியும் மாவும் அருகின, மக்கள் மடிந்தனர். அந்நாளிலும் கால்படி மாவிற் சுட்ட பணியாரத்தைப் பிய்த்துப் பகிர்ந்ததாக என் அன்னையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பஞ்சத்தில் நிற்காத தட்டு, கையிற் சிறிது காசு புழங்கும் காலத்தில் நிற்பானேன்?

இவ்வினாவுக்கு விடையாக எதிர்வாதங்கள் சில உண்டு. அவற்றை அலட்சியம் செய்தல் நேர்மை ஆகாது.

முதலாவது, செலவு. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது. 2024இல் 1350 ரூபாய் ஆனது. இவ்விரண்டிற்கும் இடையே 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் மாவும் எண்ணெயும் விலையேறிய வேகத்தை எவரும் மறந்திலர். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாள்கள் அவை. தீபாவளி முற்பணம் என்று கைக்கு வருவதும் கொடையன்று. மாதந்தோறும் சம்பளத்திற் கழிபடும் கடன். ஐந்து வகைப் பலகாரம் சுட்டு ஆறு மாதம் கடன் கட்டுவதைப் பண்டிகை என்று யார் சொல்வார்? வாதம் மெய்யே. ஆயின் இது பலவகை சுடுவதற்கு எதிரான வாதம்; சுடுவதற்கே எதிரான வாதம் அன்று. கடைப்பொதியும் இலவசமாய் வருவதில்லை.

இரண்டாவது, பெண்டிரின் பாடு. இதுவே வலிமையுள்ள வாதம். காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் மழையில் நின்று கொழுந்தெடுத்து, பேர் விழும் அளவுக்கு நிறுத்துக் கொடுத்து, மாலையில் வீடு திரும்பும் பெண்ணை, இரவெல்லாம் எண்ணெய்ச் சட்டியின் முன் அமர்க என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? “மரபு அழிகிறதே” என்று ஆடவர் திண்ணையில் அமர்ந்து புலம்புவது எளிது. அம்மரபைச் சுமந்தவை பெண்டிரின் முழங்கால்கள். அவர்களுட் பலர் கடைப்பொதியைக் கண்டு ஆறுதற்பெருமூச்சு விட்டனரென்றால், அப்பெருமூச்சை நான் மதிக்கிறேன். ஆயின் சுமை மிகுதி என்றால் செய்யத்தக்கது சுமையைப் பங்கிடுதல். சுமையையே ஆற்றில் எறிதல் அன்று. மாவிடிக்கவும், பாகு கிளறவும், முறுக்கு உரலை அழுத்திப் பிழியவும் வேண்டுவது தோள்வலி. அது ஆடவர்க்கும் வளர்ந்த பையன்களுக்கும் இல்லையோ? கோயில் திருவிழாவில் நூறு பேருக்குப் பொங்கும் ஆடவர், தம் வீட்டு அடுப்படியில் நுழைய நாணுவது என்ன நாணமோ, நான் அறியேன்.

மூன்றாவது, வாழ்முறை மாறியது. லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குச் செல்கிறோம். 2018 ஆகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியாற் கட்டப்பட்ட 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. அக்குடியிருப்புக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் தனிச் சமையலறையும் கிடைப்பது தலைமுறைகள் கண்ட கனவு. அதனை வாழ்த்துகிறேன். எல்லாருக்கும் அது விரைவிற் கிடைத்தல் வேண்டும். ஆனால் லயத்தில் தட்டுச் செல்லப் பத்தடி போதும்; தனிவீட்டில் வேலியைக் கடந்து செல்ல மனம் வேண்டும். முன்னர் நெருக்கடி செய்வித்ததை, இனி நாம் விரும்பிச் செய்தல் வேண்டும். நெருக்கடியால் நிகழ்ந்த ஈகையைவிட, விரும்பிச் செய்யும் ஈகை உயர்ந்தது என்பதை யார் மறுப்பார்?

“அப்படியாயின், கடையில் வாங்கியே கொடுத்தால் ஆகாதோ?” என்று ஒருவர் கேட்கலாம். ஆகும். பூரீம் விதியும் வாங்கிய பண்டத்தை விலக்கவில்லை. ஒன்றும் கொடாமையைவிட ஒரு பொதி கொடுத்தல் நூறு மடங்கு நன்று. எனினும் கண்டறிந்த ஒன்றைச் சொல்வேன். பொதியை எண்ணி வாங்குகிறோம், எண்ணி உண்கிறோம், எஞ்சுவதில்லை. சட்டியிற் சுடும்போது கணக்கு மிஞ்சுகிறது. அளந்து போட்ட மாவும் எப்படியோ ஒரு தட்டுக்கு மேலாகவே வந்துவிடும். அந்த மிச்சம்தான் அடுத்த வீட்டைத் தேடிப் போகிறது. மேலும், ‘கடையில் வாங்கியது அவர்களும் வாங்கியிருப்பார்களே’ என்ற எண்ணம் கொடுக்கும் கையைத் தடுக்கிறது. என் வீட்டுக் கைப்பதம் உன் வீட்டில் இல்லை என்பதே தட்டை நகர்த்தும் விசை. அச்சிறுமி எழுதிய ‘அதனால்’ என்னும் சொல்லின் உட்பொருள் இதுவே என்று கொள்கிறேன்.

ஆதலின் நான் வேண்டுவன சிலவே. பலவகை வேண்டா, ஒருவகை போதும். அதிரசமாயினும் முறுக்காயினும், வீட்டிற்கு இயன்றது ஒன்று. தனித்துச் சுட வேண்டா. மூன்று நான்கு வீட்டார் தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று ஒரே அடுப்பிற் கூடுக. எண்ணெயும் விறகும் பங்காகும், பேச்சும் பங்காகும். ஆடவர் மாவைத் தொடுக. பாட்டிமார் அமர்ந்து பதம் சொல்லுக. அவர்களிடமன்றி இப்பதம் வேறெங்கும் இல்லை. சுட்டதில் முதல் தட்டு இழவு கண்ட வீட்டிற்கு. இரண்டாம் தட்டு, பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போய்விடத் தனித்திருக்கும் முதியோர்க்கு. மூன்றாம் தட்டு வேற்றுச் சமயத்து அயலார்க்கு. பின்னரே நம் வீட்டுப் பிள்ளைகட்கு. யூதர் இரண்டென்று அளவு வகுத்தனர். நாம் மூன்றென்று வகுத்துக்கொள்வோம்.

ஆசிரியப் பெருமக்கட்கும் ஒரு விண்ணப்பம். ‘எங்கள் வீட்டுத் தீபாவளி’ என்னும் தலைப்பை இனி மாற்றுவோம். ‘எங்கள் வீட்டுப் பலகாரம் எங்கெங்குச் சென்றது?’ என்று கேட்போம். வினா மாறினால் வீட்டிற் சென்று பிள்ளைகள் கேட்கும் வினாவும் மாறும். பாகின் பதங்களுக்கும், அரிப்பு வகைகளுக்கும், உரல் வகைகளுக்கும் பாட்டிமார் வழங்கும் சொற்களைப் பிள்ளைகளைக் கொண்டு தொகுப்பிப்போம். நிகண்டாசிரியர் நொலையலையும் பூரிகையையும் எழுதிவைத்திராவிடில் அவை நமக்கு ஏது? தோட்டத்துச் சொற்களுக்கு இன்னும் நிகண்டு எழுந்திலது.

முடிக்குமுன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுதல் கடன். அச்சிறுமியின் லயத்திற்கும் என் வீட்டிற்கும் இடையே அரைக் கட்டை தூரந்தான். அவளுடைய அப்பாயியின் சாவுக்கு நானும் சென்றிருந்தேன். தீபாவளிக்கு முதல்நாள் பூண்டுலோயாக் கடைவீதியில் மூன்று பொதி வாங்கி மழைக்கோட்டினுள் வைத்துக்கொண்டு, அந்த லயத்தைத் தாண்டித்தான் வீட்டிற்கு நடந்தேன். உள்ளே போக வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவில்லை. கூவியரையும் காழியரையும் வகுப்பில் விரித்துரைக்கும் நாவுக்கு, அவ்வாயிலில் நின்று ஒரு சொல் கூப்பிடத் தெரியவில்லை.

அவ்வேட்டில் மதிப்பெண் மட்டும் இட்டேன். வேறு திருத்தம் எதுவும் இடவில்லை. அன்று மாலை என் மனைவியாரிடம் முறுக்கு உரல் எங்கே என்று கேட்டேன். பரணில் இருப்பதாகச் சொன்னார். தைப்பொங்கலுக்கு முன் அதனை இறக்கித் துடைத்து வைப்பதென்று இருவரும் முடிவு செய்தோம். பிழியும் வேலை எனக்கு.